காரில் ஒன்றும் இல்லை

இத்தாலியின் வின்யோலாவில் எர்மெஸ் கவாட்சூத்தியின் பட்டறைக்கு எந்தக் கார் வந்தாலும், அதன் மூடியைத் திறந்ததும் அவன் முதலில் செய்வது ஒரே வேலைதான். சுவரோரம் நிற்கும் பெரிய சார்ஜரை உருட்டி வந்து, சிவப்புக் கிளிப்பையும் கறுப்புக் கிளிப்பையும் பேட்டரியில் மாட்டுவான். அதற்குப் பிறகுதான் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகுவான். “மயங்கிக் கிடக்கிறவன்கிட்ட கேள்வி கேட்டா என்ன பதில் வரும்? முதல்ல குளுக்கோஸ் ஏத்து, அப்புறம் விசாரி” என்பான். கார் எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஸ்கேனர் ஓடும்போது காருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அத்தனையும் விழித்திருக்கும். நடுவில் மின்சாரம் தளர்ந்தால் ஏதாவது ஒரு பெட்டி கெட்டுப்போகலாம். ஆகவே அது சரியான முறை. பயிற்சி வகுப்பிலும் அதைத்தான் சொல்லித்தருகிறார்கள்.

அந்தச் சரியான முறையால்தான் லெயார்கோ பெர்கோன்சீனியின் கையிலிருந்து கார்ச்சாவி போனது.

லெயார்கோ முப்பது வருஷத்துக்கு மேல் பந்தயக் கார் மாதிரியான வண்டிகளைச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனை ஓட்டுநராக இருந்தவர். புது வண்டியை மலைப்பாதையில் ஏற்றி இறக்கி, அதில் எங்கே என்ன சத்தம் வருகிறது, எந்த வளைவில் எது தயங்குகிறது என்று வந்து சொல்ல வேண்டும். அதுதான் வேலை. எர்மெஸ் அங்கே சேர்ந்தபோது அவனுக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. அவன் அப்பாவும் அம்மாவும் செர்ரித் தோட்டங்களில் கூலிக்குப் பழம் பறித்தவர்கள். மகன் ஏணியில் ஏறாமல் பிழைத்தால் போதும் என்று மாலைநேரத் தொழில்பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். அவனை லெயார்கோவின் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கப் போட்டார்கள்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டுநர் வந்து ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னால், பட்டறை ஆள் எவனும் “ஒண்ணும் இல்லை” என்று சொல்லக் கூடாது. “இன்னும் கிடைக்கல” என்றுதான் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவன் வாய் தவறிச் சொல்லிவிட்டால், அன்று எல்லாருக்கும் அவன்தான் காபி வாங்கித்தர வேண்டும். எர்மெஸ் முதல் வாரத்திலேயே வாங்கித்தந்தான்.

“என்ன பையா, ஒண்ணும் இல்லையா?” என்று லெயார்கோ அன்று கேட்டார். “நான் என்ன, காதுக்குள்ள ரேடியோ வச்சிருக்கேனா?”

“ஒயரை எல்லாம் பார்த்துட்டேன், தலைவரே.”

“நீ பார்த்த இடத்துல இல்ல. அவ்வளவுதான். பார்க்காத இடத்துக்குப் போ.”

பிறகு அவனைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துச் சோக்கா மலைப்பாதையில் கூட்டிப்போனார். ஓட்டும்போது லெயார்கோ பேச மாட்டார். பேச்சுச் சத்தம் வண்டியின் சத்தத்தை மூடிவிடும் என்பார். குறை கேட்கும் ஒவ்வொரு முறையும் வலது ஆள்காட்டி விரலால் ஸ்டியரிங்கில் ஒரு தட்டு. அவ்வளவுதான். முதல் நாலைந்து தட்டுகளுக்கு எர்மெஸுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏழாவதோ எட்டாவதோ தட்டில் கேட்டது. பின்பக்கத்தில், கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில், அரிசிமணி உருள்வது போல. இருக்கைக்கு அடியில் ஒரு ஒயர்க்கட்டின் கிளிப் கழன்றிருந்தது. அதன் பிறகு அந்த விரலை எர்மெஸ் சந்தேகித்ததே இல்லை.

எர்மெஸ் தொழிற்சாலையை விட்டுச் சொந்தப் பட்டறை போட்டான். லெயார்கோ ஓய்வு பெற்றார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்கான வண்டியை ஓட்டியவர், கடைசியில் தனக்கென்று ஒன்று வாங்கினார். பழைய வண்டிதான், இரண்டே இருக்கை, கரு நீலம். மனைவி உயிரோடு இருந்தவரை இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே ஏறிப்போய்ப் பன்றிக்கொழுப்பும் பூண்டும் தடவிய போர்லெங்கோ என்ற மெல்லிய அப்பம் தின்றுவிட்டு, மாலையில் இறங்கி வருவார்கள். மனைவி போன பிறகு மகள் நீவெஸ் ஒரு நிபந்தனை போட்டாள். எண்பதைத் தாண்டியாயிற்று, இனி மலைக்குப் போகக் கூடாது. வில்மாவின் காபிக்கடை வரை போகலாம், வரலாம். லெயார்கோ முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். வீட்டிலிருந்து வில்மாவின் கடை, நடந்து போகிறவன் ஒரு சிகரெட்டை முடிக்கும் தூரம். நானூறு குதிரைச் சக்தியும் தினமும் அந்தத் தூரத்தைப் போய்விட்டு வந்தது.

ஜனவரியில் அந்த வண்டி விசித்திரம் காட்ட ஆரம்பித்தது.

காலையில் சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன. கியர்பெட்டி கோளாறு என்றது, பிரேக் கோளாறு என்றது, ஸ்டியரிங் கோளாறு என்றது. ஒன்றாம் கியர் விழவில்லை. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினால் எதுவுமே நடக்காதது போல் கிளம்பியது. ஒருநாள் கதவைத் திறந்தபோது, தானாகக் கொஞ்சம் இறங்கி வழிவிட வேண்டிய கண்ணாடி இறங்காமல் சட்டத்தில் இடித்துக்கொண்டது. மறுநாள் தானாக ஒரு விரற்கடை இறங்கி ஏறியது. ரேடியோ தன் நிலையத்தை மறந்தது. ஒரு பகலில் யாரும் தொடாமலே அலாரம் ஒருமுறை கத்திவிட்டு நின்றது. லெயார்கோ இதையெல்லாம் வில்மாவின் கடையில் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் எதையும் மிகைப்படுத்திப் பழகாதவர். தொழில் அப்படி. அதனாலேயே கேட்கிறவர்களுக்கு இன்னும் வேடிக்கையாக இருந்தது.

“கண்ணாடி உங்களைப் பார்த்துக் கண்ணடிச்சிருக்கு, லெயார்கோ” என்றான் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்த ஒருவன்.

“பேய் பிடிச்சிருக்கும். பாதிரியாரைக் கூட்டிட்டு வந்து தண்ணி தெளிங்க.”

“பாதிரியாரே பழைய ஃபியட்தான் வச்சிருக்கார். இந்த மாதிரி வண்டிப் பேய் அவர் பேச்சைக் கேக்காது.”

“சிரிங்க, சிரிங்க” என்றார் லெயார்கோ. “எர்மெஸ் கண்டுபிடிப்பான்.”

கோப்பை கழுவிக்கொண்டிருந்த வில்மா, “நேத்து மத்தியானம் நீவெஸ் வந்து ஓட்டிப் பார்த்தாளாமே? ஒரு விளக்குகூட எரியலைன்னு சொன்னா” என்றாள்.

“மத்தியானம் செய்யாது. காலைலதான் செய்யும்.”

“அப்ப அது என் புருஷன் மாதிரி” என்றாள் வில்மா. கடை முழுக்கச் சிரித்தது. லெயார்கோவும் சிரித்தார். பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

வண்டி எர்மெஸிடம் வந்தது. லெயார்கோவே ஓட்டி வந்தார். வருகிற வழியில் எஞ்சின் நன்றாகச் சூடாகி, பேட்டரிக்கும் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. எர்மெஸ் வழக்கம்போலச் சார்ஜரை உருட்டி வந்து மாட்டினான். ஸ்கேனரைச் செருகினான். திரையில் ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் ஒரே குறிப்பு இருந்தது: மின்னழுத்தம் குறைவு. அது அவனுக்குப் புதிதல்ல. குளிர்காலத்தில் ஓடாமல் நிற்கும் எந்த ஸ்போர்ட்ஸ் காரிலும் அந்தக் குறிப்பு தூசியைப் போலப் படிந்திருக்கும். தூசியைத் துடைப்பது போலவே அழித்தான். பேட்டரியைச் சோதித்தான். நல்லது என்று வந்தது. சார்ஜர் மாட்டியிருக்கும்போது எந்தப் பேட்டரிதான் நல்லதாக இருக்காது? அது மட்டுமில்லை, அந்தப் பேட்டரி முந்திய வருஷத்துக்கு முந்திய வருஷம் அவனே விற்று அவனே பூட்டியது. தன் கையால் போட்ட பொருளின் மேல் ஒருவனுக்கு எவ்வளவு சந்தேகம் வரும்?

இரண்டு நாள் வைத்திருந்தான். சார்ஜரோடு சேர்த்துத்தான். காலை, மாலை, எப்போது திருப்பினாலும் வண்டி குழந்தை மாதிரி எழுந்தது.

மூன்றாம் நாள் நீவெஸ் வந்தாள். செர்ரிக் கூட்டுறவு அலுவலகத்தில் வேலை. தோளில் பையோடு, அவசரமாக, ஆனால் எதற்கோ தயாராகிவிட்ட முகத்தோடு நின்றாள்.

“உண்மையைச் சொல்லுங்க, எர்மெஸ். அப்பா முன்னாடி சொல்லாததை என்கிட்ட சொல்லுங்க. வண்டில ஏதாவது இருக்கா?”

“ஒண்ணும் இல்லை, நீவெஸ்.”

சொன்ன நொடியில் அந்தப் பழைய வழக்கம் அவனுக்கு நினைவுக்கு வந்ததா? வந்திருக்கலாம். ஆனால் அது சோதனைப் பிரிவின் வழக்கம். இது அவன் சொந்தப் பட்டறை. திரை என்று ஒன்று வந்த பிறகு, இல்லை என்றால் இல்லைதான் என்று அவனுக்கும் பழகியிருந்தது.

“அப்ப அவர் சொல்றதெல்லாம்?”

எர்மெஸ் துணியில் கையைத் துடைத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். “தனியா இருக்கார். அம்மா போனதுலருந்து சரியாத் தூங்கறாரோ இல்லையோ. களைப்பா இருக்கலாம்” என்றான். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான்.

நீவெஸின் கண் நிறைந்தது. “நானும் அதைத்தான் பயந்தேன்” என்றாள்.

ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும் தேதி பிப்ரவரியில் வந்தது. அதற்கு மருத்துவரின் சான்று வேண்டும். நீவெஸ் மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னாள். ஒளித்து ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவை உட்காரவைத்துக்கொண்டே சொன்னாள். இல்லாத விளக்குகளைப் பார்க்கிறார், யாரும் கேட்காத அலாரத்தைக் கேட்கிறார், எர்மெஸே பார்த்துவிட்டுக் காரில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். மருத்துவர் லெயார்கோவைப் பார்த்தார். அப்பா ஏதாவது சொல்வார் என்று நீவெஸும் பார்த்தாள். சண்டை போடுவார் என்றே எதிர்பார்த்திருந்தாள். லெயார்கோ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எர்மெஸா சொன்னான்? ஒண்ணும் இல்லைன்னா?”

“ஆமாப்பா.”

“அந்த வார்த்தையையா சொன்னான்?”

“அதே வார்த்தைதான்.”

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மகளின் பையில் தானே போட்டார். உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. வண்டியை விற்றுத்தரச் சொல்லி நீவெஸ் எர்மெஸிடமே கொண்டுவந்து விட்டாள். அன்றுதான் மருத்துவரின் அறையில் நடந்ததையும் சொன்னாள். அந்த ஒரு கேள்வியின் அர்த்தம் அவளுக்குப் புரியவில்லை. எர்மெஸுக்குப் புரிந்தது. இருந்தும், என்ன செய்ய முடியும், உண்மையைத்தானே சொன்னோம் என்று வண்டியைக் கொட்டகையில் தள்ளி நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தான்.

மார்ச் கடைசியில் பொலோஞ்ஞாவிலிருந்து ஒருவன் வண்டியைப் பார்க்க வருவதாகச் சொன்னான். அந்த வாரம் பட்டறையில் வேலை அதிகம். சார்ஜர் வேறொரு வண்டியில் மாட்டியிருந்தது. நீலக் கார் பல நாள் எதுவும் மாட்டாமல் வெளிக் கொட்டகையில் நின்றிருந்தது. காலையில் குளிர் திரும்பியிருந்தது. வந்தவன் கையுறையைக் கழற்றி, கதவைத் திறந்தான். கண்ணாடி கீழே இறங்காமல் சட்டத்தில் இடித்தது.

எர்மெஸ் ஒரு அடி கிட்டே வந்தான்.

வந்தவன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். எஞ்சின் இழுத்துப் பிடித்து எழுந்தது. டேஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் எரிந்தன. கியர்பெட்டி. பிரேக். ஸ்டியரிங். வந்தவன் ஒன்றாம் கியர் போட ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் இதழ் போன்ற நெம்பியை இழுத்தான். விழவில்லை. இன்னும் ஒருமுறை இழுத்தான். கண்ணாடி தானாக ஒரு விரற்கடை இறங்கி ஏறியது.

“இது காரா, பேய்வீடா?” என்றான் வந்தவன். “விளம்பரத்துல நல்ல நிலைன்னு போட்டிருந்தீங்க?”

“பேட்டரி” என்றான் எர்மெஸ். அவன் குரல் அவனுக்கே யாரோ பேசுவது போலிருந்தது. “பேட்டரி செத்துட்டிருக்கு. ஸ்டார்ட் பண்ற நொடில மின்சாரம் விழுந்துடுது. அந்த நொடில பெட்டிங்க எல்லாம் தூங்கி எழுந்துக்குது. ஒண்ணு இன்னொண்ணைத் தேடுது, கிடைக்கலைன்னதும் கோளாறுன்னு கத்துது. வேற ஒண்ணும்...” அங்கே நின்றுவிட்டான். அடுத்த வார்த்தையை அவனால் சொல்ல முடியவில்லை.

வந்தவன் பொலோஞ்ஞாவுக்குத் திரும்பிப் போனான்.

அவன் எழுந்துபோன இருக்கையில் எர்மெஸ் உட்கார்ந்தான். லெயார்கோ சொன்னதில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை, குறைவில்லை. காலையில்தான் செய்யும் என்றார். மறுபடி திருப்பினால் சரியாகிவிடும் என்றார். ஒரு விரற்கடை என்றார். ஒரு விரற்கடைதான். தினமும் வில்மாவின் கடை வரை போய்த் திரும்பியதில் பேட்டரி நிரம்ப நேரமே கிடைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று மகள் குறைத்த தூரம் வண்டியைப் பட்டினி போட்டிருக்கிறது. சோறு ஊட்டிவிட்டு, பசிக்கிறதா என்று கேட்டிருக்கிறோம் என்று எர்மெஸ் நினைத்துக்கொண்டான். பிறகு எழுந்தான். கை தன் பழக்கத்தில் போய்ச் சார்ஜரை உருட்டி வந்து மாட்டியது. மாட்டிக் கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. உடனே கழற்றினான். வேறு வேலை எதையும் தொடாமல் லெயார்கோவின் வீட்டுக்குப் போனான்.

லெயார்கோ சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். மேசை மேல் ரேடியோ சத்தமாக ஓடியது. முன்பெல்லாம் அந்த வீட்டில் ரேடியோ அவ்வளவு சத்தமாக இருந்ததில்லை.

“தலைவரே, நீங்க சொன்னது சரி. பேட்டரிதான். இன்னைக்குக் காலைல என் கண்ணாலயே பார்த்தேன்.”

கத்தி நிற்கவில்லை. “நீவெஸ் அனுப்பினாளா?”

“அவளுக்கு இன்னும் தெரியாது. நேரா உங்ககிட்டதான் வர்றேன்.”

“நான் சரியாச் சாப்பிடறதில்லைன்னு அவ கவலைப்படறா. உன்கிட்ட சொல்லியிருப்பா.”

“சத்தியமா, தலைவரே. கண்ணாடி, கியர், விளக்கு, எல்லாம்.”

“ரெண்டு நாள் வச்சிருந்து பார்த்த. மெஷின் போட்டுப் பார்த்த. ஒண்ணும் இல்லைன்ன. இப்ப இருக்குங்கற.” லெயார்கோ நிமிர்ந்தார். கோபம் எதுவும் இல்லை. அதுதான் எர்மெஸுக்குத் தாங்கவில்லை. “பையா, எனக்கும் பழகிடுச்சு. ராத்திரி சமையலறைல தண்ணி சொட்டற மாதிரி இருக்கும். வந்து பார்த்தா சொட்டாது. வயசாயிடுச்சு. நீ சொன்னதுல தப்பில்ல. நீ மனசு கேக்காம இப்ப வந்து மாத்திச் சொல்றதுதான் தப்பு.”

“வந்து பாருங்க. காட்டறேன்.”

“காட்டு” என்றார் லெயார்கோ. “காட்டினா நம்பறேன்.”

மறுநாள் காலை நீவெஸ் அவரை அழைத்து வந்தாள். ஆனால் அதற்குள் வெயில் திரும்பிவிட்டது. முந்தின நாள் சார்ஜர் மாட்டிய கொஞ்ச நேரமும் போதுமாக இருந்தது. வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. ஒரு விளக்கும் எரியவில்லை. லெயார்கோ தலையாட்டினார். எர்மெஸின் தோளில் தட்டிவிட்டுப் போனார். நோயாளியைப் பார்க்க வந்தவன் தட்டுவது போலிருந்தது அந்தத் தட்டு.

ஏப்ரலில் செர்ரி மரங்கள் பூத்தன. பூத்த கையோடு வானொலியில் உறைபனி அறிவிப்பு வந்தது. பனாரோ ஆற்றங்கரைத் தோட்டக்காரர்கள் எல்லாரும் வானத்தைத் திட்டிக்கொண்டு, பூக்களைப் பனியிலிருந்து காக்க மரங்களுக்குத் தண்ணீர் தெளிக்கக் குழாய் இழுத்தார்கள். பனி விழாமல் போகட்டும் என்று ஊரே வேண்டிக்கொண்டிருந்தபோது, விழட்டும் என்று வேண்டிக்கொண்டவன் எர்மெஸ் ஒருவன்தான். அவன் அண்ணன் தோட்டமும் அதில் இருந்தது. வெட்கமாக இருந்தாலும் வேண்டிக்கொண்டான். மாலையில் நீலக் காரைக் கொட்டகையிலிருந்து எடுத்து முற்றத்தின் நடுவில், வானத்துக்குக் கீழே நிறுத்தினான். நீவெஸிடம் சொல்லிவைத்தான்: காலையில் அப்பாவை அழைத்து வா, இதுதான் கடைசி.

விடிந்தபோது பனி விழுந்திருந்தது. தோட்டங்களில் பூக்களெல்லாம் கண்ணாடிக்குள் வைத்தது போல் உறைந்து மின்னின. முற்றத்தில் கார் தலை முதல் வால் வரை வெள்ளையாக நின்றது. எர்மெஸ் சீக்கிரமே வந்து அதைச் சுற்றிச் சுற்றி நடந்தான். இந்தக் குளிர் போதுமா? அன்று கிடைத்த சார்ஜ் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தால்? இன்றும் ஒரே திருப்பில் கிளம்பிவிட்டால் பிறகு அடுத்த குளிர்காலம்தான். அதுவரை அவர் இருப்பாரா? சாவியைத் திருப்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. திருப்பினால் கோளாறு இப்போதே வந்து போய்விடலாம். கடைசியில் அவன் கதவைத் திறந்து, முகப்பு விளக்குகளை மட்டும் போட்டான். கொஞ்ச நேரம் எரியட்டும், பேட்டரி கொஞ்சம் இறங்கட்டும். பொய் இல்லை இது, நிஜத்துக்கு ஒரு கை கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். தெருமுனையில் நீவெஸின் கார் தெரிந்ததும் அணைத்தான்.

லெயார்கோ நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“திருப்பு” என்றார்.

எர்மெஸ் திருப்பினான். எஞ்சின் ஒருமுறை முனகிவிட்டு நின்றது. மறுபடி திருப்பியதும் இழுத்து எழுந்தது. விளக்குகள் வரிசையாக எரிந்தன. கியர் விழவில்லை. ரேடியோ தானாக உயிர் பெற்று எதையோ தேடிக் கரகரத்தது.

“அப்பா!” என்றாள் நீவெஸ். குனிந்து டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க சொன்ன மாதிரியே... அப்பா, இங்க வந்து பாருங்க!”

லெயார்கோ டேஷ்போர்டைப் பார்க்க வரவில்லை. வண்டியைச் சுற்றி நடந்தார். ஓட்டுவதற்கு முன் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது அவருடைய பழக்கம். முன்பக்கம் வந்ததும் நின்றார். குனிந்தார். வண்டி முழுக்கப் பனி மூடியிருக்க, இரண்டு முகப்பு விளக்குகளிலும் மட்டும் வட்டமாகப் பனி உருகி, ஈரக்கண்ணாடி பளபளத்தது. கையுறையைக் கழற்றி அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“சூடா இருக்கு” என்றார்.

எர்மெஸ் எஞ்சினை அணைத்தான்.

“விளக்கைப் போட்டு வச்சிருந்தியா?”

“கொஞ்ச நேரம்தான், தலைவரே. அது அதுவாவே செய்யும். அன்னைக்கு அதுவாவே செஞ்சுது. பொலோஞ்ஞா ஆள் இருந்தான், வேணும்னா அவனைக் கேளுங்க...”

“அதுவாவே செய்யும்னா விளக்கை எதுக்குப் போட்ட?”

 இருந்த ஒரே பதிலை எர்மெஸால் சொல்ல முடியாது. நீங்கள் சொன்னதை நம்புகிறேன் என்று காட்ட வந்தவன், அதைக் கடைசி நிமிஷத்தில் மறுபடியும் நம்பவில்லை.

“எந்தப் பேட்டரியையும் இப்படி வடிச்சா எந்த வண்டியும் இதைச் செய்யும்” என்றார் லெயார்கோ. கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். “கிழவனைச் சந்தோஷப்படுத்த இவ்வளவு சிரமப்பட்டிருக்க. நல்ல மனசு. நன்றி, பையா.”

நீவெஸ் மெதுவாக நிமிர்ந்தாள். அவள் விளக்கைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். “நான் அந்தப் பக்கமாத்தான் நடந்து வந்தேன். எனக்கு அது தெரியவே இல்லையே” என்றாள். “உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?”

“பனி இல்லாத இடம். தெரியாம என்ன?”

“அப்பா, டாக்டர்கிட்ட மறுபடியும் போலாம். நான் பேசறேன். நான்தான் தப்பா...” அவள் பையைத் துழாவினாள். சாவி எர்மெஸிடம் இருப்பது அப்போதுதான் நினைவு வந்தது. எர்மெஸ் அதை எடுத்து நீட்டினான்.

லெயார்கோ வாங்கவில்லை. “சாவியை யாரும் என்கிட்டருந்து பிடுங்கலையே. நானாத்தானே கொடுத்தேன். ஆபீசுக்கு நேரமாச்சு, நீ போ. இவன் என்னை வீட்ல விட்டுடுவான்.”

எர்மெஸ் புதுப் பேட்டரியைப் பூட்டினான். லெயார்கோ பக்கத்தில் நின்று பார்த்தார். பழையது கைக்குக் கனத்தது. இனி அதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. பழைய பேட்டரிகள் கிடக்கும் தொட்டியில் அதைப் போட்டான்.

வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பாமல், கேட்காமலே, எர்மெஸ் வண்டியைச் சோக்கா பாதையில் ஏற்றினான். லெயார்கோ பக்கத்து இருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். மேலே போகப்போகப் பனி உருகி மரங்களிலிருந்து சொட்டியது. வண்டி அழகாக ஏறியது. ஒரு விளக்கும் எரியவில்லை.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எர்மெஸுக்கு ஒரு சத்தம் கேட்டது. பின்பக்கத்தில், புகைக்குழாய்ப் பக்கமாக, தகரம் தகரத்தைத் தொடுவது போல ஒரு சின்ன டிக். நேர்ப்பாதையில் நின்றுவிட்டது. அடுத்த வளைவில் மறுபடி வந்தது. எர்மெஸ் காத்திருந்தான். லெயார்கோ இப்போது சொல்வார். பையா, பின்னாடி வலதுபக்கம், ஒரு திருகு தளர்ந்திருக்கு என்பார். சொல்லட்டும். பட்டறைக்குப் போனதும் அடியில் படுத்து, கிடைக்கும் வரை தேடுகிறேன்.

இன்னொரு வளைவு. டிக்.

“தலைவரே, ஏதாவது கேக்குதா?”

“இல்லையே” என்றார் லெயார்கோ. “எனக்கு ஒண்ணும் கேக்கல. வண்டில ஒண்ணும் இல்லை.”

எர்மெஸ் அடுத்த வளைவில் திரும்பினான். தகரம் தொட்டது. அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். லெயார்கோவின் முகம் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தது. மடியில் வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்து, கோட்டின் மேல் சத்தமில்லாமல் ஒருமுறை தட்டிவிட்டு அடங்கியது.